மாடிக்குப் போகும் மணிக்கயிறு

அஜீசுன்னிசா ஒரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நின்றதை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. முதலில் குரல் வரும். பின்னால் ஆள் வருவாள். வந்தவள் நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டி மூடியைத் திறப்பாள். "ஆணத்துல புளி தூக்கலா இருக்கே புள்ள, யாரு வச்சது?" என்பாள். அந்த வீட்டு மருமகள் முகத்தைச் சுளிப்பாள். ஆனாலும் மறுநாள் குழம்பில் புளியைக் குறைத்துத்தான் கரைப்பாள். காரைக்காலின் அந்தத் தெருவில் முன்வாசல் ஆண்களுக்கு. பெண்களுக்குக் கொல்லைப்புறம்தான் ராஜபாட்டை. ஒரு கொல்லையிலிருந்து அடுத்த கொல்லை, அதிலிருந்து இன்னொன்று என்று தெருவின் இந்தக் கோடியில் நுழைந்து அந்தக் கோடியில் வெளியே வரலாம். அந்த வழியில் அவள் கால் படாத நாள் கிடையாது.

லாத்தா என்றால் அக்கா. அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அஜீஸ் லாத்தா என்றுதான் கூப்பிட்டார்கள். வாய் அதிகம், கோபம் அதைவிட அதிகம். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு வீட்டில் மவுத், அதாவது சாவு, என்று காதில் விழுந்தால் போதும், உறவுக்காரர்கள் வந்து சேருமுன் லாத்தா அங்கே இருப்பாள். மூன்று நாளைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, அக்கம்பக்கத்திலிருந்துதான் சோறு போக வேண்டும். காலைக் கஞ்சி யார் வீடு, மத்தியானச் சோறு யார் வீடு என்று முறை வைப்பவள் லாத்தாதான். பேச்சுவார்த்தை இல்லாத வீடானாலும் போவாள். "சண்டையெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம், மொதல்ல அவங்க பசியாறட்டும்" என்பாள். ஆயுசில் ஒரு மவுத் வீட்டைக்கூட அவள் தவறவிட்டதில்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு. சும்மா இருப்பாளா, அதைச் சொல்லியும் காட்டுவாள்.

இப்பேர்ப்பட்டவளின் மாடிக்குத்தான் பிரான்சு நாட்டு சில்வி குடிவந்தாள்.

சில்வி பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிரான்சில் கடலோரத்து ஊர். குளிர் போதும் போதும் என்றாகி, பாண்டிச்சேரிக்கு வந்து இரண்டு வருஷம் இருந்து, புத்தகம் வைத்துத் தமிழும் படித்துவிட்டாள். ஆனால் அங்கே திரும்பின பக்கமெல்லாம் தன் ஊர்க்காரர்களே என்று அலுத்துப்போய் காரைக்காலுக்கு வந்தாள். இங்கே பாதித் தெருவுக்குப் பிரான்சில் சொந்தம் இருக்கிறது. புருஷனிடம் போகப்போகும் பெண்களுக்கும், மாமனார் ஊருக்குப் போகப்போகும் மாப்பிள்ளைகளுக்கும் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. அவளுக்கும் பொழுது போக வேண்டும்.

லாத்தாவின் கணவர் போய்ச் சேர்ந்து நாளாகிறது. ஒரே மகன் தாரிக் சார்ஜாவில் இருக்கிறான். விஷயம் கேட்டதும் அவன் போனில் தயங்கினான்.

"ம்மா, அவங்களுக்கெல்லாம் தனியா இருந்துதான் பழக்கம். நீங்க வந்து..."

"நான் வந்து? என்னடா, சொல்லு."

"ஒண்ணுமில்லம்மா. வச்சிடுறேன்."

சில்வி வந்தது கத்திரி வெயிலில். வந்த மூன்றாவது நாளே மொட்டை வெயிலில் அரசலாற்றங்கரையோடு கடற்கரைக்கு நடந்து போய், வெந்த இறாலாகத் திரும்பி வந்தாள். லாத்தா அவளை முற்றத்தில் உட்கார வைத்துத் தலையில் தண்ணீரை ஊற்றினாள், நுங்கை உரித்து வாயில் திணித்தாள். "இந்த வெயில்ல நாய்கூட வெளிய வராது, நீங்க என்னாத்துக்குங்க போனீங்க?" என்று திட்டினாள். திட்டு புரிந்ததோ இல்லையோ, நுங்கு பிடித்திருந்தது. இன்னொரு நாள் காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் பார்க்கப் போனாள். தெரிந்த முகம் ஒன்றைக் கண்டு சந்தோஷமாகக் கையைத் தூக்கினாள். கையைத் தூக்கினால் என்ன ஆகும்? ஒரு கூடை மத்தி அவள் பேருக்கு ஏலம் விழுந்தது. ஆட்டோவில் கூடையோடு வந்து இறங்கியவளைப் பார்த்து லாத்தா வயிறு வலிக்கச் சிரித்தாள். அன்றைக்குத் தெரு முழுக்க மத்தி ஆணம்தான்.

இதெல்லாம் சரியாகத்தான் போயிற்று. சிக்கல் மாடிப்படியில் வந்தது.

என் வீட்டு மாடி, நான் பெறாத குறையாகப் பார்த்துக்கொள்கிற பெண் என்று லாத்தா நினைத்த நேரத்தில் மேலே போனாள். சட்டிபானைகளை இடம் மாற்றி அடுக்கினாள். சில்வியின் சூப்பில் ருசி பார்த்து உப்புப் போட்டாள். ஒரு மத்தியானம் சில்வி மெல்லிய பாவாடையோடு மின்விசிறிக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தாள். லாத்தா "அல்லாவே, இது என்னா கோலம்" என்று ஒரு போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்த சில்வி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அமீர் நிஷா கொல்லைச் சுவரைத் தாண்டி ஓடி வந்துவிட்டாள்.

சாயங்காலம் சில்வி கீழே வந்தாள். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள்.

"அசீஸ், நீங்கள் மிகவும் நல்லவர். ஆனால் நீங்கள் மேலே வருவதற்கு முன்பு எனக்குத் தெரிய வேண்டும்."

"தெரிஞ்சு? பலகாரம் சுட்டு வைக்கப் போறீங்களா?"

"நான் தனியாக இருக்கும் நேரம் எனக்குத் தேவை."

லாத்தாவுக்குச் சுருக்கென்றது. தனியாக இருப்பதற்கு ஒருத்தி நேரம் ஒதுக்குவாளா? அவள் வீட்டில் தனிமை கேட்காமலேயே கொட்டிக் கிடக்கிறது. கொல்லை வழியே வீடு வீடாகப் போவதே அதிலிருந்து தப்பிக்கத்தானே. இரண்டு நாள் மாடிப்பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

மூன்றாம் நாள் சில்வி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலிருந்து ஆட்டுக் கழுத்தில் கட்டுகிற இரண்டு மணிகளையும் ஒரு நீளக் கயிற்றையும் வாங்கி வந்தாள். கீழே லாத்தாவின் அடுப்படி ஜன்னலில் ஒரு மணி, மேலே அவள் அறையில் ஒரு மணி. இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் ஒலிக்கும். கீழேயிருந்து ஒரு தடவை இழுத்தால் 'வரலாமா' என்று அர்த்தம். மேலேயிருந்து இரண்டு தடவை அடித்தால் 'வா'. பதில் வரவில்லையென்றால் 'இப்போது வேண்டாம்'.

"ஆட்டு மணியா? ஏன், என் கழுத்துலயே கட்டிவிட்டுடுங்களேன்" என்றாள் லாத்தா. ஆனால் சில்வி படியேறியதும் இவள் கயிற்றை ஒரு இழு இழுத்துப் பார்த்தாள். மேலே கிண்கிணி என்றது. உடனே இரண்டு தடவை பதில் வந்தது. லாத்தாவுக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. அன்றைக்கே அவள் ஏழு எட்டுத் தடவை மேலே போய்விட்டாள்.

போகப் போக அந்த மணிக்கு லாத்தாதான் காவல்காரி. அமீர் நிஷா ஒரு நாள் நேராக மாடியேறப் போனபோது முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். "ஏன்டி, மணியடிச்சுட்டுப் போகத் தெரியாதா? ஒரு மரியாதை வேணாம்?" மரியாதையைப் பற்றி யார் பேசுகிறார்கள் பாருங்கள்!

அந்த வருஷத்து நோன்பில் நீங்க போய் நீ வந்தது. சில்வி சாயங்காலம் கஞ்சிக் கிண்ணத்தோடும் இறால் பதித்துப் பொரித்த வாடாவோடும் தரையில் உட்காரப் பழகினாள். பெருநாளன்று ஒரே தாம்பாளத்தில் நாலு பேர் கைபோட்டுச் சாப்பிடும் சஹன் சோற்றில், பக்கத்திலிருப்பவள் பங்கில் விரல் படாமல் சாப்பிடவும் தெரிந்துகொண்டாள். அவளும் 'அசீஸ்' என்பதை விட்டு 'லாத்தா' என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் சில்வி தன் அம்மாவோடு வீடியோவில் பேசுவாள். அம்மா பேர் இவோன். தொண்ணூறைத் தாண்டியவர், முதியோர் இல்லத்தில் இருந்தார். இரண்டு மணி அடிக்கும், லாத்தா ஓடுவாள். கையில் என்ன இருக்கிறதோ அதைத் திரைக்கு முன்னால் தூக்கிக் காட்டுவாள். பெரிய இறாலாக இருக்கும், புது வெங்காயமாக இருக்கும். இவோன் அம்மா வாயெல்லாம் சிரிப்பாகப் பிரெஞ்சில் ஏதோ சொல்வார். லாத்தா தமிழில் பதில் சொல்வாள். "ஒங்க உம்மாவுக்குக் காது கேக்காது, எனக்குப் பாஷை தெரியாது. அதான் எங்களுக்குள்ள ஒரு சண்டையும் வரல" என்பாள்.

இரண்டாவது வருஷம் மழைக்காலத்தில்தான் வந்தது வினை.

அது ஒரு புதன்கிழமை. வங்கக்கடலில் புயல் சின்னம் என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சில்வி ஏதோ வேலையாகப் பாண்டிச்சேரிக்குப் போயிருந்தாள். மத்தியானம் சாரல் அடித்து ஊற்ற ஆரம்பித்தது. மாடி ஜன்னல்கள் திறந்து கிடந்தன. லாத்தா பழக்கதோஷத்தில், ஆள் இல்லாத வீட்டுக்கு ஒரு தடவை மணியை வேறு அடித்துவிட்டு, மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு மேலே போனாள். ஜன்னல்களைச் சாத்தினாள். தரையைத் துடைத்தாள். அப்போதுதான் மூக்கில் ஏறியது அந்த நெடி.

சாராய நெடி. சந்தேகமே இல்லை. அடுப்பு மேடையின் மூலையில் ஒரு கண்ணாடிக் குப்பி, துணி கட்டிய வாய், உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ நுரைத்துக்கொண்டிருந்தது. ஐந்து வேளை தொழுகிற வீடு! அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் ஏதோ கெட்டுப்போய்க் கிடக்கிறது என்று ஒரு பக்கம் நினைத்தாள், தெரிந்தே வைத்திருக்கிறாளோ என்று இன்னொரு பக்கம் நினைத்தாள். இரண்டுக்கும் ஒரே வழிதான். எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டி, குப்பியை வெந்நீர் விட்டுப் பளபளவென்று கழுவிக் கவிழ்த்து வைத்தாள். நல்ல காரியம் செய்த திருப்தியோடு இறங்கினாள்.

சில்வி சாயங்காலம் நனைந்தபடி வந்தாள். சற்று நேரத்தில் கவிழ்த்த குப்பியோடு கீழே இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இதில் இருந்தது எங்கே?"

"கொட்டிட்டேன். சாராய வாடை அடிச்சுதும்மா. தொழுவுற எடத்துல..."

"அது ரொட்டிக்குப் போடும் புளித்த மாவு. என் அம்மா கொடுத்தது. அம்மா முப்பது வருஷம் வளர்த்தார். காய வைத்துப் பொட்டலமாகக் கொண்டுவந்தேன். அம்மாவிடமும் இப்போது இல்லை."

தப்பு என்று லாத்தாவுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் கோபம் வந்தது. சிலருக்கு அப்படித்தான், தப்பு தன் பக்கம் இருந்தால்தான் குரல் உயரும். "புளிச்ச மாவுதானே? அதுக்குப் போயி மொகத்தை இப்படி வச்சுக்கிட்டா? நான் என்னா தங்கத்தையா கொட்டிட்டேன்?"

சில்வி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"லாத்தா, தயவுசெய்து இனிமேல் மேலே வராதீர்கள்."

"வரல. நீ மணியடிச்சுக் கூப்பிட்டாலும் வரல."

வெள்ளிக்கிழமை விடிகாலை. மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. சுபுஹு தொழுதுவிட்டு லாத்தா தஸ்பீஹ் மாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். அடுப்படி ஜன்னலில் ஆட்டு மணி இரண்டு தடவை அடித்தது. லாத்தாவின் விரல் நின்றது. சிறிது நேரம் கழித்து மறுபடி இரண்டு தடவை.

'ஓஹோ, இப்பத்தான் லாத்தா ஞாபகம் வருதாக்கும்' என்று நினைத்தாள். 'மேல வராதேன்னு சொன்ன வாய்தானே? கொஞ்சம் வேகட்டும்.' எழுந்து போக அவள் கால்கள் தயாராகத்தான் இருந்தன. வீம்பு விடவில்லை. மூன்றாவது முறை அடித்தால் போய்விடலாம் என்று காத்திருந்தாள். மணி அடிக்கவில்லை.

அன்று முழுக்க மேலே நடமாட்டம் கேட்டது. பாத்திரச் சத்தமும் கேட்டது. 'நல்லாத்தான் ஆக்கித் திங்கிறா' என்று லாத்தா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் பால் காய்ச்சி ஆறவைத்துத் தயிருக்கு உறை ஊற்ற மோரை எடுத்தவள், கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அந்த மோர் யாருடையது? அவளுடைய உம்மா வீட்டு உறை. கல்யாணமாகி வரும்போது தூக்குச்சட்டியில் கொடுத்துவிட்டது. இன்றுவரை விட்டுப்போகாமல் வருகிறது. வெயில் காலத்தில் கெட்டுப்போனால்கூட, இதே உறையை வாங்கிப் போன ரோஷன் பேகம் வீட்டிலிருந்து திரும்ப வாங்கி வந்துவிடுவாள், கடை மோரைத் தொடமாட்டாள். உம்மா மண்ணுக்குள் போய் எவ்வளவோ காலமாயிற்று. தயிர் மட்டும் தினமும் உறைகிறது.

"யா அல்லாஹ், நான் கொட்டுனது அவ உம்மா வீட்டு உறையாச்சே" என்று வாய்விட்டுச் சொன்னாள். பக்கத்தில் கேட்பதற்கு ஆளில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இறால் வாங்கி வாடா சுட்டு எடுத்துக்கொண்டு போய்க் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். மத்தியானத் தொழுகை முடித்து மாவைப் பிசைந்துகொண்டிருந்தபோது தேவிகா வந்தாள்.

தேவிகா கிராமத்திலிருந்து வந்து சில்வியிடம் பிரெஞ்சு படிக்கிறவள். கணவன் பிரான்சில். குடையை மடக்கியபடியே கேட்டாள்.

"மதாம் எப்படி இருக்காங்க லாத்தா? ராத்திரி பூரா அழுதாங்களா?"

"எதுக்கு அழுவணும்?"

தேவிகா திகைத்தாள். "என்ன லாத்தா இப்படிக் கேக்குறீங்க? அவங்க அம்மா தவறிட்டாங்கள்ல? வியாழக்கெழம ராத்திரி. கிளாஸ் இல்லைன்னு எங்களுக்கெல்லாம் நேத்தே மெசேஜ் போட்டாங்க. புயல்னால சென்னையில பிளேன் எதுவும் கிளம்பலயாம், போக முடியல. இன்னிக்கு நம்ம நேரத்துக்கு மூணு மணி வாக்குல அங்க அடக்கமாம். நீங்க கூட இருப்பீங்கன்னுதான் நாங்க யாரும் வரல."

லாத்தாவின் கையிலிருந்த மாவு தரையில் விழுந்தது.

"இன்னா லில்லாஹி..." என்று சாவுச் செய்திக்குச் சொல்வதை ஆரம்பித்துப் பாதியில் விட்டாள். தலைக்கு மேலே மவுத் வீடு. இரண்டு நாளாக மவுத் வீடு. தெருவில் ஒரு மவுத்தையும் விடாதவள், தன் உத்தரத்துக்கு மேலே இருந்த மவுத்தை விட்டுவிட்டாள். அந்தப் பெண் கூப்பிட்டிருக்கிறாள். விடியற்காலையில், மழையில், உம்மாவைப் பறிகொடுத்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அந்தப் பாத்திரச் சத்தம், ஐயோ, மவுத் வீட்டில் அடுப்பு எரிந்த சத்தமல்லவா அது.

அடுப்படி ஜன்னலுக்குப் போனாள். கை தானாகக் கயிற்றைப் பிடித்தது. பாம்பைத் தொட்டவள் போல விட்டுவிட்டு, மாவுக் கையோடு படியேறினாள்.

கதவு ஒருக்களித்திருந்தது. சில்வி அடுப்பில் பால் வைத்துவிட்டு அது பொங்கப்போவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். லாத்தா நேராகப் போய் அடுப்பை அணைத்தாள்.

"மவுத் வூட்டுல அடுப்பு எரியக்கூடாது" என்றாள்.

சில்வி அவளைப் பார்த்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"மணி அடித்தேன்" என்றாள்.

மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். தொழுதுகொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சில்வி நம்பியிருப்பாள். லாத்தாவுக்குப் பொய் தெரியாதா என்ன, ஊரில் எத்தனையோ சொல்லியிருக்கிறாள்.

"கேட்டுச்சு" என்றாள்.

"கேட்டதா?"

"கேட்டுச்சு புள்ள. ரெண்டு தடவையும் கேட்டுச்சு. வீம்புக்குத்தான் வரல. எனக்கு மன்னிப்பே கெடையாது."

போய்விடு என்பாள், அதுதான் நியாயம் என்று லாத்தா நினைத்தாள். சில்வியின் வாய் கோணியது. புத்தகத் தமிழெல்லாம் எங்கோ போய்விட்டது.

"ஏன் வரல லாத்தா? நான் இந்தக் கயித்தப் பிடிச்சிக்கிட்டே நின்னேன், லாத்தா" என்றாள். அப்படியே லாத்தாவின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். லாத்தா மாவுக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள். அவளும் அழுதாள். தன் வீம்புக்கும் அழுதாள், இவோன் அம்மாவுக்கும் அழுதாள். "என்னைப் பாத்தா அப்படிச் சிரிப்பாங்களே... போன வாரம்கூட இறாலைக் காட்டுனேனே..." என்று புலம்பினாள்.

அழுது முடிந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்குப் போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. கொல்லைகளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அமீர் நிஷா! ரோஷன் பேகம்! சில்வியோட உம்மா மவுத்தாயிட்டாங்க! எல்லாரும் வாங்க!"

கொல்லைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பெண்கள் தலையில் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, சுவரோரம் ஒண்டியபடி வந்தார்கள். படிக்குக் கீழே செருப்புகள் குவிந்தன. அமீர் நிஷா வாசலிலேயே லாத்தாவின் காதில் கிசுகிசுத்தாள். "லாத்தா, அவங்க வேற மார்க்கமாச்சே. நாம என்னா ஓதுறது?"

"ஒண்ணும் ஓத வேணாம். ஒக்காரு. ஒக்காருறதுக்கு எந்த மார்க்கத்துல தடை?"

அமீர் நிஷா உட்கார்ந்தாள். தேவிகா சில்வியின் காலடியில் உட்கார்ந்தாள். அறை நிறைந்து, மிச்சப் பேர் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை, ஆறுதல் என்று நாலு வார்த்தை பேசவும் இல்லை. இவ்வளவு பேரும் கதவைத் தட்டாமல்தான் வந்திருந்தார்கள். சில்வி லாத்தாவின் கையை விடவே இல்லை.

அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் போன் ஒலித்தது. அங்கே அப்போதுதான் காலை. போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தார்கள். ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம், பின்னால் சாம்பல் நிறக் கடல். அங்கேயும் மழை. குடை பிடித்துக்கொண்டு ஐந்தாறு பேர்தான் நின்றார்கள். பெட்டியை இறக்கியதும் ஒவ்வொருவராகக் குனிந்து ஒரு பிடி மண் போட்டார்கள்.

"நம்மளை மாதிரியேதான் மண்ணு போடுறாங்க" என்றாள் ரோஷன் பேகம். பெண்கள் துப்பட்டியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இவோன் அம்மாவை நேரில் பார்த்தவர்கள் அங்கே ஒருத்தருமில்லை. ஆனாலும் அழுகை வந்தது.

எல்லாம் முடிந்தபின் சில்வியின் தம்பி போனைக் கையில் எடுத்தார். அக்கா தனியாக அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்திருப்பார் போலும். திரை முழுக்கத் தலையை மூடிய பெண்களைக் கண்டு திகைத்துப்போய் ஏதோ கேட்டார். சில்வி பதில் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னா கேக்குறாரு ஒங்க தம்பி?" என்றாள் லாத்தா.

"இவங்கெல்லாம் யாருன்னு கேக்குறான்."

"நீ என்னா சொன்னே?"

"எங்க வூட்டு ஆளுங்கன்னு சொன்னேன்."

லாத்தா முகத்தை முந்தானைக்குள் புதைத்துக்கொண்டாள். அவள் வாயடைத்துப் போனதை அமீர் நிஷா அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

மூன்று நாளும் மாடியில் அடுப்பு எரியவில்லை. இறந்தது வியாழன்தானே என்று ஒருத்தி கணக்குச் சொல்லப் போக, "நாம போனதுலேருந்துதான் கணக்கு. பிந்திப்போனது என் தப்பு, அவ தப்பில்ல" என்று லாத்தா அடக்கிவிட்டாள். ரோஷன் பேகம் வீட்டுக் கஞ்சி, அமீர் நிஷா வீட்டுச் சோறும் பருப்பும், கிராமத்திலிருந்து தேவிகா கொண்டுவந்த இட்லி என்று முறை வைத்துப் போயிற்று. சில்வி மறுக்காமல் சாப்பிட்டாள்.

புயல் கரை கடந்து வானம் வெளுத்த நாள் காலையில் லாத்தா தன் அடுப்படியில் ஆப்பத்துக்குப் புளித்த மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் காலடி கேட்டது. திரும்பிப் பார்த்தால் சில்வி. கொல்லை வழியாக வந்திருந்தாள். நேராக அடுப்புக்குப் போய்ச் சட்டி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கையில் கழுவிய அந்தக் கண்ணாடிக் குப்பி. அடியில் கோதுமை மாவும் தண்ணீரும் கலந்து வைத்திருந்தாள். குப்பியை லாத்தாவிடம் நீட்டினாள்.

"ஒரு கரண்டி உன் மாவு போடு லாத்தா. உறைக்கு."

லாத்தா கரண்டியை எடுத்தாள். அவசரத்தில் கொஞ்சம் குப்பிக்கு வெளியே சிந்தியது. சிந்தியதைத் துடைத்தாள், இன்னொரு கரண்டி ஊற்றினாள், வாயைத் துணியால் கட்டிக் கொடுத்தாள். பிறகு சில்வியைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏன்டி, மணியடிச்சுட்டு வரத் தெரியாதா? ஒரு மரியாதை வேணாம்?"